சாக்பீஸ் கோடு

"மாமா, கொஞ்சம் தள்ளுங்க. இந்த நட்டெல்லாம் காத்துக்குத்தான் பணியும்" என்றான் அவள் தம்பி, நட்டு கழற்றும் ஏர் கன்னைத் தூக்கிப் பிடித்தபடி.

"காலையிலேர்ந்து இதையேதான் சொல்ற மாப்ள. நட்டுக்குக் காது கேக்கலையோ என்னவோ" என்றார் அவளுடைய கணவர், பேட்டரி கன்னை மடியில் வைத்துத் தடவிக்கொண்டே.

கவிழ்த்துப் போட்ட வாளி மேல், இருவருக்கும் நடுவில் அவள் உட்கார்ந்திருந்தாள். பண்ணைப் பட்டறைக்கு ஒரு கன் வாங்க வேண்டும். எது என்று முடிவு சொல்ல வேண்டியவள் அவள்தான். கடைக்காரர் இரண்டையும் கொடுத்து, "நாலு மணிக்கு வரேன். ஒண்ணை வெச்சுக்கிட்டு இன்னொண்ணைக் கொடுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருந்தார். மணி இப்போது மூன்றரை.

கன்னைக்கூட நாளைக்கு முடிவு செய்யலாம். ஆனால் விடிந்தால் அறுவடை இயந்திரம் வந்து நிற்கும். மக்காச்சோளத்தை ஏற்றி வர இருப்பது இந்த ஒரே டிரெய்லர். அதன் இடது டயர் வெடித்துக் கிடந்தது. சக்கரம் கழன்றால்தான் வேறு டயர் மாட்ட முடியும். மேற்கே வானம் வேறு கறுத்துக்கொண்டு வந்தது.

காலையில் கை பழகுவதற்காக வலது சக்கரத்தில்தான் ஆரம்பித்தார்கள். இரண்டு கன்னுக்கும் நட்டுகள் சொன்ன பேச்சு கேட்டுக் கழன்று வந்தன. திரும்ப மாட்டிவிட்டு இடது பக்கம் வந்தார்கள். அன்றைய வேலை அங்கேயே நின்றுவிட்டது.

"துரு ஏறியிருக்கும். போன வருஷம் டிரெய்லரை வாங்கினதிலேர்ந்து வலது டயரைத்தான் ரெண்டு தடவை மாத்தியிருக்கோம். இந்தப் பக்கம் கையே வைக்கல" என்றார் கணவர். "பழைய லாரி அச்சைப் போட்டுச் செஞ்ச வண்டி. அது எத்தனை மழை பாத்துச்சோ."

அவள் எண்ணெய் ஊற்றினாள். துணியால் ஒவ்வொரு நட்டையும் துடைத்தாள். நட்டின் முகமும் போல்ட் நுனியும் ஒரே மட்டமாக, கட்டைவிரலுக்கு வழவழவென்று இருந்தன. துரு அதிகமில்லை. பிறகு ஏன் வரவில்லை?

கன்னின் வயிற்றுக்குள் ஒரு சின்னச் சுத்தியல் சுழன்று சுழன்று அடிக்கிறது என்று தம்பி அவளுக்கு விளக்கியிருந்தான். ஒரே தள்ளாகத் தள்ளாமல் நூற்றுக்கணக்கான அடிகளாக அடிப்பதால் பிடித்திருக்கும் கை முறுக்கிக்கொள்வதில்லை, நட்டுதான் நகர்கிறது. அந்தச் சுத்தியலை ஒன்றில் காற்று சுற்றுகிறது, இன்னொன்றில் பேட்டரி.

"எங்க சர்வீஸ் சென்டர்ல ஒரு நாளைக்கு முப்பது கார். எல்லாம் ஏர் கன்தான். எடை குறைவு, சூடாகாது" என்றான் தம்பி.

"அங்க கம்ப்ரஸர் யானை சைஸ்ல இருக்கும். இங்க இருக்கிறது ஆட்டுக்குட்டி. பத்து எண்றதுக்குள்ள மூச்சு வாங்குது. நடு வயல்ல டயர் போனா ஹோஸை அங்க வரைக்கும் இழுப்பியா?"

"பேட்டரி தீந்தா நீங்க நடு வயல்ல என்ன பண்ணுவீங்க மாமா? பாட்டுப் பாடுவீங்களா?"

இருவர் சொல்வதும் அவளுக்குச் சரியாகவே பட்டது. குழப்பமே அதுதான்.

"பேசினது போதும். எது அசைக்குதுன்னு கண்ணால பாத்துடலாம்" என்று சாக்பீஸ் எடுத்து, நட்டிலிருந்து சக்கரம் வரை ஒரே கோடாக இழுத்தாள்.

முதலில் கணவர். டர்ர்ர். கோடு உடைந்து, நட்டின் மேலிருந்த பாதி ஒரு நகக்கண் அளவு இடப்பக்கம் நகர்ந்தது.

"பாத்தியா, அசைஞ்சுடுச்சு!"

அடுத்து தம்பி. இன்னும் ஒரு நகக்கண். "என்னோடது அதுக்கும் மேல. அக்கா, எழுதிக்க."

அப்படியே மாறி மாறி நாலு முறை. ஒவ்வொரு முறையும் கொஞ்சம் நகர்ந்தது. அவள் வீல் ஸ்பானரை மாட்டி, அதன் மேல் ஏறியே நின்று பார்த்தாள். இம்மி அசையவில்லை.

"நட்டு நகருது. ஆனா தளரல. அது எப்படிங்க?" என்றாள்.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

வாசலில் வண்டி நின்றது. கடைக்காரர் இறங்கி வந்தார். "என்னம்மா, எதை எடுத்துட்டுப் போகட்டும்?"

அவள் குனிந்து, சாக்பீஸ் போட்ட நட்டைக் கட்டைவிரலால் மறுபடி தடவினாள். காலையில் வழவழவென்று இருந்த இடத்தில் போல்ட் நுனி வெளியே துருத்தி நகத்தில் தட்டியது. பக்கத்து நட்டைத் தடவினாள். அங்கேயும் தட்டியது.

கம்ப்ரஸர் இன்னும் மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது. அவள் கணவரின் மடியிலிருந்து பேட்டரி கன்னை எடுத்து, விசைக்கு மேலிருந்த பொத்தானை மறுபக்கம் தள்ளினாள்.

"அக்கா, அது முடுக்குற பக்கம்!" என்று தம்பி பதறினான்.

டர்ர்ர். நட்டு சுழன்று வந்து அவள் உள்ளங்கையில் விழுந்தது.

"ரெண்டுமே நல்ல கன்தாங்க" என்றாள் கடைக்காரரிடம். "இந்தப் பழைய அச்சுல இடது சக்கரத்துக்கு மட்டும் மரை தலைகீழ், காலையிலேர்ந்து இவங்க ரெண்டு பேரும் போட்டி போட்டு இறுக்கிக்கிட்டுத்தான் இருந்திருக்காங்க."