ஒரு விரல் உயரப் பெட்டி

சாக்கடையிலிருந்து எடுத்து வந்த பூனைக்குட்டி, எஸ்தர் வீட்டு மூலையில் கிடந்த மிக்ஸி அட்டைப்பெட்டிக்குள் புகுந்துகொண்டது. மூன்று நாள் வெளியே வரவே இல்லை.

"இங்கே உன்னை யாரும் பார்க்க முடியாது," என்றது பெட்டி. அதுவரை அதற்கும் பேச்சுத் துணை கிடையாது.

பயந்த குட்டிகளைப் பழக்கி, வளர்ப்பவர்களிடம் கொடுப்பவள் எஸ்தர். தினமும் காலையில் பெட்டியின் சுவரை மேல் விளிம்பிலிருந்து சுற்றிலும் ஒரு விரல் அகலம் வெட்டி எடுப்பாள். பிறகு முதுகைக் காட்டி உட்கார்ந்து, உள்ளங்கையில் மீன் துண்டோடு காத்திருப்பாள்.

"ஏன் வெளிச்சம் கூடிக்கிட்டே போகுது?" என்று குட்டி கேட்கும்.

"வெயில் காலம் வருதுல்ல," என்று சமாளிக்கும் பெட்டி.

இருபதாம் நாள் குட்டி எஸ்தரின் மடியில் தூங்கியது. அன்று பூராவும் பெட்டி காலியாகக் கிடந்தது.

மறுவாரம் ஒரு புருஷனும் பெண்டாட்டியும் கூடையோடு வந்தார்கள். குட்டி பதறி ஓடிவந்து, ஒரு விரல் உயரமே மிஞ்சியிருந்த பெட்டியின் மூலையில் முகத்தைப் புதைத்துக்கொண்டது.

"நான் தெரியறேனா?"

"துளிகூடத் தெரியலை."

வந்த பெண் தரையில் உட்கார்ந்து, வேறு பக்கம் பார்த்தபடி மீனோடு கையை நீட்டினாள். வெகுநேரம் கழித்துக் குட்டி அதைத் தின்றது. அவள் தூக்கியபோது திமிறவில்லை. அவள் கைகளில் இருந்தபடிதான் முதன்முறையாகப் பெட்டியை மேலிருந்து பார்த்தது.

"உன் சுவரெல்லாம் எங்கே?"

"இப்பத்தானே கேக்குறே?" என்றது பெட்டி. "போயிட்டு வா."

கதவைச் சாத்திவிட்டுப் போனார்கள். பெட்டியின் மூலையில் கொஞ்ச நேரம் சூடு இருந்தது.