ஜப்பானிய மொழியில் அப்பா

முதல் செமஸ்டரில், பாடப்புத்தகத்தில் இருந்ததை அப்படியே ஒப்பித்து, "என் அப்பா நலம், வங்கியில் வேலை செய்கிறார்" என்று சொல்லித் தொலைத்திருந்தான் தவசீலன். நிஜ அப்பா லாரி ஓட்டியவர். அவன் ஒன்பதாவது படிக்கும்போதே போய்ச் சேர்ந்துவிட்டார். இவன் இடைநிலை வகுப்புக்கு வந்த பிறகும் ஜப்பானிய ஆசிரியர் மோரி சென்செய் திங்கள்தோறும் அப்பாவை நலம் விசாரித்தார். இவனும் அப்பாவுக்குப் பதவி உயர்வெல்லாம் வாங்கிக்கொடுத்துச் சமாளித்தான்.

"இன்னும் எத்தனை செமஸ்டருக்குடா உங்கப்பாவ உசுரோட வச்சிருப்ப?" என்றாள் பக்கத்து இருக்கை ரூபிணி. "இப்பதான் நல்லா பேச வருதுல்ல, சொல்லிடு."

வாய்மொழித் தேர்வில் சொல்லிவிடுவதென்று வாக்கியத்தை உருப்போட்டுக்கொண்டு போனான். சென்செய் கேள்வித்தாளை ஒதுக்கிவிட்டு, இரு கைகளாலும் ஒரு பொட்டலத்தை நீட்டினார்.

"எங்கள் ஊர்த் தேயிலை. அப்பாவுக்கு. குடிப்பாரா?"

குனிந்து, இரு கைகளாலும் வாங்கிக்கொண்டான். உருப்போட்டது தொண்டை வரை வந்தது.

"அப்பா காபிதான் குடிப்பார்," என்றான். "டம்ளர் நிறைய. ஆறவே விடமாட்டார்."

அந்த மொழியில் அப்பாவைப் பற்றி அவன் சொன்ன முதல் உண்மை அது. சென்செய் பேனாவை எடுத்து, காபி என்று குறித்துக்கொண்டார், அடுத்த முறைக்காக.