பத்து நாள் சட்டம்

"தோட்டா இப்பத் தர முடியாது. பத்து நாள் கழிச்சு வா" என்றார் ரூடி.

பில் போட ஆரம்பித்திருந்த மார்லிஸ் திகைத்துப் போய் நிமிர்ந்தாள். அந்தத் துப்பாக்கிக் கடையில் பதினாறு வருஷமாக வேலை பார்க்கிறாள். முதலாளி ரூடி யாரையும் வெறுங்கையோடு திருப்பி அனுப்பி அவள் பார்த்ததில்லை. அதுவும் ஹார்லனை! ஒன்றாம் வகுப்பிலிருந்து இருவரும் சிநேகிதர்கள்.

"விளையாடாதடா. ஒரே ஒரு பெட்டிதானே கேட்டேன்? நரி வந்து கன்னுக்குட்டியத் தூக்கிட்டுப் போகுது" என்றார் ஹார்லன்.

"புதுச் சட்டம் போட்டிருக்காங்கல்ல? தோட்டா வாங்கறவன் பேரு, ஊரு, பழைய கதை எல்லாம் விசாரிச்சிட்டுத்தான் குடுக்கணும். பத்து நாள் ஆகும்."

"என் பழைய கதை உனக்குத் தெரியாதா?"

"எனக்குத் தெரியும். மாநில அரசாங்கத்துக்குத் தெரியாதே!"

ஹார்லனின் முகம் சிவந்துவிட்டது.

"தலைநகரத்துக்கு பஸ் வச்சு ஆளுங்களக் கூட்டிட்டுப் போயி, 'எங்க துப்பாக்கியில கை வைக்காதே'ன்னு மைக்கப் புடிச்சுக் கத்துனது நீதானே? இப்ப அவனுங்களுக்கே வாலாட்டறியா?"

"கடை லைசென்ஸ் போயிடும்டா."

"த்தூ!"

"இன்னொண்ணும் இருக்கு. வீட்டுல இருக்கிற துப்பாக்கிங்களோட நம்பரப் பதியணும். அதுங்களும் பத்து நாள் இங்கதான் இருக்கணும். இப்பவே உன்கூட வந்து நானே எடுத்துட்டு வந்துடறேன்."

ஹார்லன் அடித்தே விடுவார் என்று மார்லிஸ் பயந்தாள். அவர் ரூடியை உற்றுப் பார்த்தார். பார்த்துக்கொண்டே நின்றார்.

"வந்து தொலை" என்று சொல்லிவிட்டு வெளியே போனார்.

இரண்டு மணி நேரம் கழித்து நான்கு துப்பாக்கிகளோடு திரும்பி வந்த ரூடி, அவற்றை இரும்புப் பெட்டியில் வைத்துப் பூட்டினார். மார்லிஸ் முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"மனுஷன் பெண்டாட்டியப் புதைச்சு ஆறு வாரம்கூட ஆகல. அவர்கிட்டயா சட்டம் பேசுவீங்க?"

ரூடி சாவிக்கொத்தைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

அந்த நேரம் பார்த்து, மான் வேட்டைக்குப் போகிற ஒருவர் வந்து மூன்று பெட்டி தோட்டா கேட்டார். ரூடி எடுத்துக் கொடுத்தார். பணம் வாங்கினார். இரண்டே நிமிஷம்!

அவர் படியிறங்கும் வரைகூட மார்லிஸால் பொறுக்க முடியவில்லை.

"ஹார்லனுக்கு மட்டும்தான் சட்டமா?"

"சட்டம் ஜனவரியிலதான் வருது, மார்லிஸ். துப்பாக்கிய இங்க கொண்டாந்து வைக்கணும்னு அதுல ஒரு வரிகூடக் கிடையாது."

"அப்போ கூடப் பொறந்தவன் மாதிரி இருக்கிறவரையே ஏமாத்துனீங்களா?"

"நரி கன்னுக்குட்டியத் தூக்குதுன்னு சொன்னான்ல? அவன்கிட்ட கன்னுக்குட்டியே இல்ல. போன சனிக்கிழமை மாடு கன்னு மொத்தத்தையும் ஏலத்துல தள்ளிட்டான். நாயக்கூடப் பக்கத்துப் பண்ணைக்காரனுக்குக் குடுத்துட்டானாம்."

ஹார்லன் எதற்காகத் தோட்டா கேட்டார் என்று மார்லிஸுக்கு அப்போதுதான் புரிந்தது. ஸ்டூலை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

அடுத்த நாளிலிருந்து, மதியமானால் கடையை அவளிடம் விட்டுவிட்டு ரூடி கிளம்பிவிடுவார். "ஃபார்ம்ல ஒரு கையெழுத்து விட்டுப்போச்சு" என்று ஹார்லன் வீட்டுக் கதவைத் தட்டுவார். தினம் ஒரு காகிதம். முதல் இரண்டு நாள் ஹார்லன் கதவையே திறக்கவில்லை. ரூடி வாசல் படியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைத் தின்றுவிட்டு, கதவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார்.

"இன்னைக்கு அழுதுட்டான்" என்றார் ஐந்தாம் நாள். "உள்ள கூப்பிட்டு உட்கார வச்சு, பெண்டாட்டி நார்மாவப் பத்தியே பேசிக்கிட்டு இருந்தான்."

மறுநாள் மார்லிஸ் ஒரு பெரிய பாத்திரத்தில் கோழியும் உருளைக்கிழங்கும் வேகவைத்துக் கொடுத்தனுப்பினாள். அதற்கு அடுத்த நாள் ரூடி ஹார்லனை டாக்டரிடம் அழைத்துப் போனார்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊர்க் கூட்டம். ரூடி வழக்கம்போல மேடையேறிப் புதுச் சட்டத்தைக் கிழி கிழி என்று கிழித்தார். பத்து நாள் காத்திருக்கச் சொல்கிற இடம் வந்ததும் மட்டும் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிட்டு அடுத்த விஷயத்துக்குத் தாவிவிட்டார். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருந்த மார்லிஸ் சிரிப்பை அடக்க வாயைப் பொத்திக்கொண்டாள்.

பதினோராம் நாள் காலை ஹார்லன் கடைக்குள் நுழைந்தார். முகச்சவரம் செய்திருந்தார்.

ரூடி சாவிக்கொத்தைக் கையில் எடுத்தார். எந்தச் சாவி என்று தெரியாதவர்போலத் துழாவினார்.

"பெட்டியத் திறக்காத. எல்லாம் இங்கேயே இருக்கட்டும். டாக்டரும் அதத்தான் சொன்னாரு" என்றார் ஹார்லன்.

மார்லிஸ் ஹார்லனுக்கு ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"ஹார்லன், உங்கிட்ட ஒரு உண்மையச் சொல்லணும். அந்தச் சட்டம் வந்து..."

"ஜனவரியிலதான் வருது. எங்க வீட்டுக்கும்தான் பேப்பர் வருது."

"தெரிஞ்சுமாடா துப்பாக்கியெல்லாம் தூக்கிக் குடுத்த?"

ஹார்லன் தொப்பியைக் கழற்றித் தலையைத் தடவிக்கொண்டார்.

"எங்க வீட்டுல இருந்து ரெண்டே மைல்ல இன்னொரு கடை இருக்கு, ரூடி. கேட்ட உடனே குடுத்திருப்பான். அதத் தாண்டித்தான்டா இருபது மைல் வண்டி ஓட்டிக்கிட்டு உங்கிட்ட வந்தேன்."