மாடி வீட்டு ஓமுரைஸ்

மாடியிலிருந்து முட்டை வாசனை வந்தது. கிரிவலம் முடித்து, நெற்றி நிறைய விபூதியோடு அப்போதுதான் கேட்டைத் திறந்த வீட்டுக்காரர் மூர்த்திக்கு அது பொறுக்கவில்லை. கால்கூடக் கழுவாமல் படியேறினார்.

கவிநிலா துப்பட்டாவை மூக்கைச் சுற்றிக் கட்டிக்கொண்டு அடுப்பு முன்னால் நின்றிருந்தாள். கல்லூரியில் கணக்கு சொல்லித்தருகிற பெண். போன தையில் குடிவந்தவள். கேட்டில் 'சைவம் மட்டும்' என்று பெயிண்டில் எழுதியிருப்பதைப் படித்துவிட்டுத்தான் அட்வான்ஸே கொடுத்தாள்.

வாணலியில் ஆம்லெட். அதன் நடுவில் தக்காளி சாஸில் புரட்டிய சோறு.

"இன்னாம்மா இது?"

"ஓமுரைஸ் சார். ஜப்பான்காரங்க செய்றது."

"எந்த ஊர்க்காரன் செஞ்சா எனக்கு இன்னா? முட்டை முட்டைதான?"

"முட்டைதான் சார்."

அழுவாள், மன்னிப்புக் கேட்பாள் என்று நினைத்து வந்தவருக்குச் சுருக்கென்றது. அவளோ ஆம்லெட்டின் ஓரத்தைக் கரண்டியால் நெம்பிச் சோற்றின் மேல் மூடினாள். ஒரு பக்கம் கிழிந்துபோனது. பக்கத்துத் தட்டில் ஏற்கெனவே கிழிந்த ஒன்று கிடந்தது.

மூர்த்தி ஆரம்பித்தார். மலை சுற்றுகிற பாதையில் இருக்கிற வீடு, பௌர்ணமிக்குப் பௌர்ணமி வாசலில் அன்னதானம் போடுகிற குடும்பம், அந்த வீட்டு மாடியில் முட்டை உடைத்தால் ஊர் என்ன பேசும் என்று மூச்சுவிடாமல் கேட்டார். தனியாக இருக்கிற பெண்ணுக்கு வீடு கொடுக்காதே என்று நாலு பேர் சொன்னபோதே கேட்டிருக்க வேண்டும் என்றும் சொன்னார். அந்தக் கடைசிப் பேச்சு தேவையே இல்லை. கோபம் வந்த வீட்டுக்காரரிடம் அதை யார் போய்ச் சொல்வது?

கவிநிலா அடுப்பை அணைத்துவிட்டுத் திரும்பினாள். "தனியா இருக்கறதுக்கும் முட்டைக்கும் சம்பந்தம் இல்ல சார். தப்புன்னா காலி பண்ணச் சொல்லுங்க. வேற பேசாதீங்க."

"சரி, இந்த மாசத்தோட காலி பண்ணு."

"பண்றேன் சார்."

வீடு தேடி அவள் எத்தனை கதவைத் தட்டினாள் என்பது மூர்த்திக்கும் தெரியும். 'தனியாவா?' என்று கேட்டே எல்லாரும் அனுப்பிவிட்டார்கள். இந்த வீடும் போனால் ஊரைவிட்டு, வேலையையும் விட்டுத்தான் போக வேண்டும். அவருக்கே கொஞ்சம் இரக்கம் வந்துவிட்டது. இனிமேல் செய்யமாட்டேன் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இருந்துகொள் என்று தணிந்தார்.

"நாளைக்கும் செய்வேன் சார். காலி பண்ற வரைக்கும் தெனமும் செய்வேன்."

"நாக்கு ருசி அவ்ளோ ஜாஸ்தியா?"

அவள் துப்பட்டாவை மூக்கில் இன்னும் இறுக்கிக்கொண்டு, வாணலியில் இருந்ததைத் தட்டுக்கு மாற்றினாள்.

கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு, படிக்குப் படி நின்று, மூர்த்தியின் மனைவி வேதா ஏறி வந்தாள். கர்ப்பப்பை ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்திருப்பவள். ரத்தம் ரொம்பக் கம்மி, தினம் முட்டை கொடுங்கள் என்று டாக்டர் சொன்னபோது, கீரையில் இல்லாத சத்தா என்று மூர்த்தி அங்கேயே பேச்சை முடித்துவிட்டார்.

"நீ எதுக்குப் படியேறுன?" என்று பதறினார்.

வேதா அவரைத் தாண்டிப்போய் ஸ்டூலில் உட்கார்ந்தாள். தட்டை வாங்கி மடியில் வைத்து, ஒரு ஸ்பூன் எடுத்து வாயில் போட்டாள்.

"அவிச்ச முட்டை கொமட்டுதுங்க. போன்ல இதைப் பார்த்துட்டு, இப்படின்னா உள்ள எறங்கும், செஞ்சு குடுன்னு நான்தான் கேட்டேன். என் பேரைச் சொல்லாதன்னதும் நான்தான்."

"பூஜை ரூம் இருக்கிற வீடு வேதா. நாமெல்லாம் சைவம்..."

"வேலூர் போறப்பல்லாம் நீங்க பிரியாணி சாப்பிட்டுட்டுத்தான் வர்றீங்கன்னு எனக்குத் தெரியுங்க."

மூர்த்தி வாசல் பக்கம் பார்த்தார்.

வேதா அடுத்த ஸ்பூனை நிதானமாக மென்று விழுங்கினாள்.

"இந்தப் பொண்ணு பொறந்ததுல இருந்து முட்டையை வாயில வச்சதில்ல. இந்த வூட்ல சுத்த சைவம் இவ ஒருத்திதான். சாப்பிட்டவங்கதான் காலி பண்ணணும்னா, வாங்க, நாம ரெண்டு பேரும் பெட்டியைக் கட்டலாம்."