இருபத்து மூன்று கைதிகள்

பலகையைப் புரட்டினார். இருபத்து மூன்று பேர்.

ஒருவரும் ஓடவில்லை. காலைக் குளிரில் விறைத்துப்போய் ஒருவர்மேல் ஒருவர் ஏறிக் கிடந்தார்கள். சாம்பல் நிறம், தட்டை உடம்பு, பூசணி விதை அளவு. பகலெல்லாம் பூசணிக் கொடியில் சாறு உறிஞ்சிவிட்டு இருட்டியதும் பலகைக்கு அடியில் ஒதுங்குகிற பூச்சிக் கூட்டம்.

வார்டர் ஒவ்வொன்றாக இடுக்கியால் எடுத்துப் பால்பவுடர் டப்பாவில் போட்டார்.

வார்டர் என்பது தெரு வைத்த பெயர். முப்பது வருடம் சிறையில் காவல் பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் மீசையைப் பார்த்தால் அழுகிற குழந்தை வாயை மூடிக்கொள்ளும்.

அப்பேர்ப்பட்ட ஆளுக்கு ஒரு பூச்சியை நசுக்க வராது.

கட்டை விரலால் ஒரு அழுத்து அழுத்தினால் தீர்ந்தது, இதற்குப் போய் இடுக்கியா என்று மனைவி கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டாள். நசுக்கினால் நாறும் என்று அவர் சாக்குச் சொல்வார்.

டப்பாவை மூடினார். கொல்ல முடியாதவற்றுக்கு அவர் வேறு வழி கண்டுபிடித்து இரண்டு மாதம் ஆகிறது.

இடமாற்றம்.

தோட்டத்தின் கடைசியில் தலைக்கு மேல் உயர்ந்த சுவர். நாலு வருடத்துக்கு முன்னால், அப்பாவின் வீடு அவருக்கும் அக்காவுக்குமாகப் பிரிந்தபோது, அவரே நின்று கட்டியது. கிணறும் நல்ல மண்ணும் அக்கா பக்கம் போய்விட்ட ஆத்திரத்தில் இரண்டு வரிசைக் கல் கூடுதலாக வைக்கச் சொன்னார். அன்றைக்கு நின்றது பேச்சு.

அந்தப் பக்கமும் பூசணிதான். அத்தான் படுத்த படுக்கையானதிலிருந்து அக்கா வீட்டு அடுப்பு அந்தக் கொடியை நம்பித்தான் எரிகிறது. வாரத்துக்கு ஒரு வண்டிக் காய் மாணவர் விடுதிக்குப் போகும்.

அது வார்டருக்குத் தெரியும். தெரிந்துதான் செய்தார்.

தினமும் விடிந்தும் விடியாத நேரம். அக்கா எழுந்திருக்க மாட்டாள் என்ற தைரியம். கவிழ்த்த வாளியின்மேல் ஏறினால் கை மட்டும் சுவரைத் தாண்டும். டப்பாவைக் கவிழ்த்து இரண்டு தட்டுத் தட்டுவார். "போங்கடா. ஒரு இலை பாக்கி இருக்கக் கூடாது" என்று அடிக்குரலில் வழியனுப்பி வைப்பார். பிறகு வாளியைத் திருப்பிப் போட்டுவிட்டு, ஒன்றும் தெரியாதவர் மாதிரி வந்து பல் தேய்ப்பார்.

ஒன்று மட்டும் பிடிபடவில்லை.

இரண்டு மாதத்தில் ஆயிரம் பூச்சிக்குக் குறையாது. அந்தக் கொடி இந்நேரம் சருகாகியிருக்க வேண்டும். நேற்றுகூட அக்கா வீட்டு வாசலில் வண்டி நிறையக் காய் ஏறியது. ஒவ்வொன்றும் பானை பானையாக.

ஏதோ மருந்து அடிக்கிறாள். என்ன மருந்து?

தெரிந்துகொள்ளாவிட்டால் தலை வெடித்துவிடும் போலிருந்தது. சமையலறையில் கிடந்த உயரமான ஸ்டூலை மனைவி காதில் விழாமல் தூக்கி வருவதற்குள் நன்றாக வெளிச்சம் வந்துவிட்டது. இன்றைக்கு விட்டால் நாளைக்குத் துணிச்சல் இருக்காது. ஏறினார். கட்டிய நாளிலிருந்து முதல்முறையாக அவர் தலை அந்தச் சுவரைத் தாண்டியது.

கீழே ஒரு நீல பேசின்.

அவர் கை நீளுகிற இடத்துக்கு நேர் கீழே. ஒரு விரற்கடை தப்பவில்லை. நிறையச் சோப்புத் தண்ணீர், மேலே மெத்தை மாதிரி நுரை. இரண்டு மாதமாக விழுகிற சத்தம் ஏன் கேட்கவில்லை என்பது இப்போது புரிந்தது. விளிம்பில் நேற்றைய பூச்சிகள் இரண்டு செத்து ஒட்டிக்கொண்டிருந்தன.

பேசினுக்குப் பக்கத்தில் ஒரு மணை. மணையின்மேல் அக்கா.

"ஏன்டா இன்னிக்கு இவ்வளவு லேட்டு?"

நாலு வருடத்துக்குப் பிறகு அவள் பேசிய முதல் வார்த்தை. தலை முழுக்க நரைத்திருந்தது. வார்டருக்குக் காதுமடல்வரை சூடேறியது. சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க ஏறினேன் என்று சொல்ல வாயெடுத்தார். ஆனால் கையில் டப்பா இருந்தது. டப்பாவுக்குள் பிறாண்டுகிற சத்தம் கேட்டது.

அக்கா எழுந்து கையை உயர்த்தினாள்.

"கொடு இங்க. நீ என்னிக்குப் பூச்சியக் கொன்னிருக்க? சின்ன வயசுலேருந்து என் தலையிலதானே கட்டுவ."

உண்மைதான். குளியலறையில் கரப்பான்பூச்சி என்றால் துண்டோடு வெளியே ஓடி வந்து அக்கா என்று அலறுவார். அவள் செருப்போடு உள்ளே போவாள். வெளியே வந்து, தம்பிதான் அடித்தான் என்று வீடு முழுக்கச் சொல்லுவாள்.

வார்டருக்கு மூச்சு வந்தது. அப்படியென்றால் இதையும் அவள் அப்படித்தான் எடுத்துக்கொண்டிருக்கிறாள். கொல்ல முடியாமல் தன்னிடம் அனுப்புகிறான் என்று. தப்பித்தோம்.

"ஆமாக்கா" என்று டப்பாவை இறக்கிக் கொடுத்தார்.

நாலு வருடத்துக்குப் பிறகு அவர் பேசிய முதல் வார்த்தை பொய்யாகப் போனது.

அக்கா மூடியைத் திறந்தாள். பேசினுக்கு மேல் கவிழ்த்தாள். இரண்டு தட்டுத் தட்டினாள். அவர் தட்டுகிற அதே அழுத்தம், அதே இடைவெளி.

பிறகு அவரைப் பார்க்காமல், நுரையில் அமிழ்கிறவற்றைப் பார்த்து, அடிக்குரலில் சொன்னாள்.

"போங்கடா. ஒரு இலை பாக்கி இருக்கக் கூடாது."

டப்பாவைத் துணியால் துடைத்து, மூடி, மேலே நீட்டினாள்.

வாங்கிக்கொள்ள வார்டருக்குக் கை எழவில்லை.