வாசனைக்கு ஒரு ரொட்டி

“அந்த ரொட்டியில கை வெக்காதே. அது உனக்கில்ல,” என்றாள் கோரல்.

நெவில் கையை இழுத்துக்கொண்டான். முப்பத்தொரு வருடக் கல்யாண வாழ்க்கையில் அவள் ரொட்டி சுடத் தொடங்கியதே இந்த மாதம்தான். அதுவும் தின்பதற்கல்ல, சனிக்கிழமை பதினொரு மணிக்கு வீடு பார்க்க வருகிறவர்கள் மூக்குக்கு.

யோசனை தரகன் பிரோடியுடையது. “மழை பேஞ்சா உங்க வீடு நனைஞ்ச நாய் மாதிரி நாறுது, தலைவரே. லான்செஸ்டன்ல பாதி வீடு அப்படித்தான். ஆனா சுடச்சுட ரொட்டி வாசம் அடிச்சுதுன்னு வைங்க, வர்றவங்களுக்கு அவங்கம்மா ஞாபகம் வந்துரும். கையெழுத்து போட்டுட்டுதான் கண்ணையே தொறப்பாங்க.”

கையெழுத்து விழுந்தால் கோரல் டெவன்போர்ட்டில் தங்கை வீட்டுக்குப் போவாள். நெவில் ஓர் ஒற்றை அறைக்கு. பிரிவதென்று ஜூன் மாதமே பேசி முடித்தாயிற்று. சண்டையில்லை, அழுகையில்லை. பல் பிடுங்க ஊசி போட்ட தாடை மாதிரி இருந்தது இருவருக்கும். டீ குடித்தால் எந்தப் பக்கம் வழிகிறதென்று தெரியாது.

சமையலறைச் சாமான்களில் துண்டுத்தாள் ஒட்டியிருந்தார்கள். மஞ்சள் அவளுக்கு, பச்சை அவனுக்கு. முட்டையை வில்லை போடும் கம்பிச் சட்டம், இரண்டு பூண்டு நசுக்கி, கரண்டில் டின் திறக்கும் மெஷின் எல்லாம் பங்காகிவிட்டன. அன்னாசிப் பழத்தின் நடுத்தண்டைக் குடையும் கருவி மட்டும் தாளில்லாமல் கிடந்தது. அந்த வீட்டுக்குள் ஒரு அன்னாசிப் பழம்கூட வந்ததில்லை.

“உங்க அத்தை குடுத்தது. நீயே எடுத்துக்கோ,” என்றாள் கோரல்.

“உன் கையிலதானே குடுத்தாங்க? போட்டோவே இருக்கு.”

அந்த மாதத்தில் அவர்கள் பேசிய நீளமான பேச்சு அதுதான்.

முதல் சனிக்கிழமை ரொட்டி கருகியது. அடுத்த சனிக்கிழமையும் கருகியது. வந்தவர்கள் இருமிக்கொண்டே வாசலைத் தேடினார்கள். ஓவனுக்கு வயசாகிவிட்டது என்றான் பிரோடி.

ஓவனுக்கு ஒரு கேடுமில்லை. கோரல் தோட்டத்தில் நின்றபோது சூட்டைக் கூட்டி வைத்தது நெவில்தான். வீடு விற்காமல் இருந்தால் என்ன ஆகிவிடும் என்று கேட்டால் அவனுக்குச் சொல்லத் தெரியாது. எழுந்து போய்த் திருகிவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி உட்கார்ந்து குறுக்கெழுத்துப் போட்டான். அதிலும் பாதிக் கட்டம் காலி.

பிரோடி சளைக்கவில்லை. புகையையும் மீறி வீட்டைப் பிடித்துப்போன ஒரு ஜோடி ஹோபார்ட்டில் இருந்தது. மூன்றாம் சனிக்கிழமை இன்னொருமுறை பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுவதாகச் சொல்லியிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு ரொட்டி மெஷினையே தூக்கிக்கொண்டு வந்துவிட்டான்.

“இதுல தப்பு பண்ணவே முடியாதும்மா. மாவு, சர்க்கரை, மாவு பொங்கறதுக்கு ஈஸ்ட், எல்லாத்தையும் கொட்டு, பட்டனை அமுக்கு, போய்க்கிட்டே இரு. குரங்குகூட ரொட்டி சுடும்.”

“நல்லதாப் போச்சு. எங்க வீட்டுல ஒண்ணு இருக்கு,” என்றாள் கோரல், நெவில் பக்கம் திரும்பாமலே.

சனிக்கிழமை விடியும்போதே மழை. கோரல் மேல்கோட்டோடு நின்று மெஷினுக்குள் வெந்நீர் ஊற்றினாள். மாவு கொட்டினாள். உப்பு, சர்க்கரை, ஒரு கரண்டி வெண்ணெய். மூடியைச் சாத்தி பட்டனை அமுக்கிவிட்டுக் குளிக்கப் போனாள்.

நெவில் மெஷின் முன்னால் போய் நின்றான். பதினான்கு பட்டன்கள். ஒன்றை அமுக்கினான்; கீச்சென்று கத்திவிட்டு அது தன் வேலையைப் பார்த்தது. இன்னொன்றை அமுக்கினான், அதற்கும் ஒரு கீச்சு, அவ்வளவுதான். வாழ்நாளில் எந்த மெஷினையும் அவன் ஒழுங்காக ஓட்டியதில்லை. ஒழுங்காக ஓடுவதைக் கெடுக்கவும் துப்பில்லை என்று இன்றைக்குத் தெரிந்தது.

சரி, போகட்டும். ஒரு பச்சைத் தாளை எச்சில் தொட்டு அன்னாசிக் கருவியில் ஒட்டினான்.

பதினொரு மணிக்கு ஹோபார்ட் ஜோடி வந்தது. நடையில் நாலடி வைத்ததும் அந்தப் பெண் நின்றாள்.

“என்னங்க இது? ஊறிப்போன அட்டைப்பெட்டி மாதிரி ஒரு நாத்தம்?”

அவள் புருஷன் கம்பள மூலையைத் தூக்கிப் பார்த்தான். சுவரில் மூக்கை வைத்தான். “உள்ள பூரா ஈரம். நல்லவேளை, தப்பிச்சோம்டி!”

பத்து நிமிஷத்தில் அவர்கள் கார் தெருவைத் தாண்டிவிட்டது. பிரோடி மெஷினைத் திறந்தான். அடியில் செங்கல் மாதிரி ஒரு கட்டி, உப்பாமல், வெளிறிக் கிடந்தது.

“பத்து வருஷமா ஓடற மெஷின். உங்க வீட்டுக்கு வந்ததும் செத்துப்போச்சு. வேற தரகனைப் பாருங்க, தலைவரே,” என்று குடையை விரித்துக்கொண்டு போய்விட்டான்.

சமையலறையில் இரண்டு பேரும் நின்றார்கள். நெவில் கட்டியைக் கத்தியால் தட்டினான். டொக் என்றது.

“கோரல், மொத ரெண்டு வாரமும் ஓவனைக் கூட்டி வெச்சது நான்தான்.”

“தெரியும்.”

“ஆனா இன்னிக்கு நான் இல்ல. சத்தியமா. முயற்சி பண்ணேன், முடியல.”

“கீச்சு கீச்சுன்னு கேட்டுச்சு.”

“பின்ன இது எப்படி இப்படி ஆச்சு?”

கோரல் கெட்டிலில் தண்ணீர் பிடித்தாள். அவன் முகத்தைப் பார்க்காமலே சொன்னாள்.

“ஈஸ்ட் என் கோட்டுப் பையில இருக்கு.”