தட்டியில் இடமில்லை

ஊழியர்கள் வைத்திருந்த கண்ணீர் அஞ்சலித் தட்டியில் சுகந்தியின் படம் இருந்தது, பெயர் இல்லை. ‘வழக்கறிஞர், ஏற்றுமதியாளர், எழுத்தாளர், மென்பொருள் நிறுவனர் திருமாறன் அவர்களின் துணைவியார்’ என்று முடித்திருந்தார்கள். திருமாறன் நேரே ஃப்ளெக்ஸ் கடைக்குப் போய், மனைவியின் பெயரைச் சேர்க்கச் சொன்னான்.

“இடம் இல்லயே சார். உங்க பட்டத்துல ஒண்ணத் தூக்குனா அம்மா பேரு உக்காரும்.”

“வக்கீல எடுங்க.”

ஒரு வழக்கைக்கூட அவன் ஜெயித்ததில்லை. மிளகாய் ஏற்றுமதி தொடங்கிய வேகத்திலேயே நொடித்துப்போனது; அதையும் எடுக்கச் சொன்னான். எழுதிய ஒரே புத்தகம் அந்தத் தோல்விகளைப் பற்றியது. அதுவும் போனது. மென்பொருள் மட்டும் மிஞ்சியது. அதில் ஒரு வரிகூட அவன் எழுதியதல்ல. சமையலறை மேசையில் உட்கார்ந்து முழுவதையும் எழுதியவள் சுகந்திதான்.

“அதையும் எடுத்துடுங்க.”

கடைக்காரர் அழித்துவிட்டு நிமிர்ந்தார். “இப்ப எக்கச்சக்கமா இடம் கிடக்கு சார். அம்மா பேருக்குக் கீழ என்ன போடட்டும்? அவங்க என்ன செஞ்சிட்டிருந்தாங்க?”

பேட்டி எடுக்க வந்தவர்கள் எல்லாரும் கேட்ட கேள்விதான். பழக்கதோஷத்தில் அதே பதில் அவன் வாயில் வந்தது.

“சும்மா, வீட்லதான்.”